பேப்பர் மாமாவின் பேண்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. நீயும் அத்தானும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சௌக்கியம் என்றுதான் அடுத்த வரி வரவேண்டும். முறைப்படி அது வந்துவிட்டதாகவே வைத்துக்கொள். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? போன தடவை அவர் கேட்டபோது நான் ஏதோ ஒரு என்சைமின் பெயரைச் சொல்ல, அவர் அதை மருந்துக் கடையில் போய்க் கேட்டு, கடைக்காரர் சிரித்து, ஒரே மானக்கேடாகிவிட்டது என்று சொன்னாயே. நான் அந்த டாக்டர் இல்லை என்று எத்தனை வருஷமாகத் தொண்டை வறளச் சொல்கிறேன். மருத்துவக் கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி நடத்துகிறவன் நான். என் பெயருக்கு முன்னால் நிற்கும் டாக்டர் ஆராய்ச்சி செய்து வாங்கியது. ஒரு நோயாளியின் நாடியைக்கூட நான் பிடித்தது கிடையாது. குடும்பத்தில் யார் காதில் ஏறியது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வீடியோவில் பேசும்போது நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று கேட்டாய். லைட் சரியில்லை என்று மழுப்பினேன். லைட் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வீடு உனக்குத் தெரியும், முன்னறையில் பெருமூச்சு விட்டால் பின்னறையில் கேட்கும். பின்னறையில் உன் தம்பி பெண்டாட்டி தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். போனில் சொல்ல முடியாது என்பதால்தான் கல்லூரியில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். என் உடம்பு விஷயம். படித்துவிட்டு அத்தானிடம் மட்டும் சொல். அவளிடம் மூச்சு விடாதே. பிள்ளை குட்டி இல்லாத வீடு, அவளுக்கு நான், எனக்கு அவள், அவ்வளவுதான் எங்கள் கணக்கு. இதைக் கேட்டால் அவள் இடிந்து போய்விடுவாள். அப்படி இடிந்து போகும் அளவுக்கு ஒன்றும் இல்லை என்று உனக்கு விளக்குவதற்குத்தான் இந்தக் கடிதம்.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் கல்லூரியின் புது முதல்வர். வந்த வேகத்தில் லெக்சர் என்பதையே ஒழித்துக்கட்டிவிட்டார். இனிமேல் பிரச்சினை வழிக் கற்றல்தானாம். பாடத்தை நடத்திவிட்டு நோயாளியைக் காட்டுவது பழைய முறை. முதலில் நோயாளியைக் கொடுத்துவிட வேண்டும், பாடத்தைப் பிள்ளைகளே தேடிக்கொள்வார்கள். நோயாளி என்றால் உயிருள்ள நோயாளி இல்லை, பேப்பரில் எழுதிய நோயாளி. ஒரு மேஜை, சுற்றி எட்டுப் பிள்ளைகள். முதல் பக்கத்தைக் கொடுத்தால் அதைப் படித்துவிட்டு, என்ன தெரியும், என்ன தெரியாது, எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று போர்டில் எழுதுவார்கள். நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு அடுத்த வாரம் வந்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வார்கள். அப்புறம் அடுத்த பக்கம் கேட்பார்கள். நோயாளிக்கு ரத்தப் பரிசோதனை செய்யணும் என்றால் அதன் முடிவு ஒரு பக்கத்தில் வரவேண்டும். வாத்தியார் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது.

வாயைத் திறக்காமல் இருக்க எங்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே ஒரு அம்மாளை வரவழைத்தார்கள். பிள்ளைகள் எதைக் கேட்டாலும், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும், அதுதான் மொத்தப் பயிற்சியும். எங்கள் எலும்பு வாத்தியாரை உனக்குத் தெரியுமே, பேச ஆரம்பித்தால் மணியடித்தாலும் நிறுத்தாத மனுஷன், அவர் வாயில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டுதான் வகுப்புக்கே போகிறார். முதல் வாரம் ஒரு பையன் அவரிடம், "கல்லீரல் வலது பக்கமா இடது பக்கமா சார்?" என்று கேட்டிருக்கிறான். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாராம். பிள்ளைகள் கையைத் தூக்கி ஓட்டெடுப்பு நடத்தியதில் இடது பக்கம் ஜெயித்துவிட்டது. மனுஷன் என் அறைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து, "மிட்டாயைக் கடிச்சு முழுங்கிட்டேன்யா, சொல்லிடலாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள பெல் அடிச்சுட்டான்" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

இந்தப் பயிற்சி வீடு வரைக்கும் வந்துவிட்டது. உன் தம்பி பெண்டாட்டி, "தண்ணி மோட்டாரை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டாள். "நீ என்ன நினைக்கிற?" என்றேன். தொட்டி நிரம்பி வழிந்து படிக்கட்டெல்லாம் வெள்ளம். இன்னொரு நாள் என் தட்டைப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல மிச்சம் வெச்சிருக்கீங்க, உடம்புக்கு என்ன?" என்றாள். பழக்க தோஷம், "நீ என்ன நினைக்கிற?" என்று வந்துவிட்டது. அவள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நான் நினைக்கிறதைச் சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டி வழிந்த கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் வில்லங்கம். ஆளுக்கொரு கேஸ் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முதல்வர் உத்தரவு போட்டார். மற்றவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் புரண்டவர்கள், ஆளுக்குப் பத்து நோயாளியை அவிழ்த்துவிட்டார்கள். நான் சோதனைக்குழாயோடு குடித்தனம் நடத்தியவன், நோயாளிக்கு எங்கே போவேன்? கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று காலையில் வெள்ளைத்தாளை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கையில் ஒரே அரிப்பு. மேஜை விளிம்பில் தேய்த்துக்கொண்டே யோசித்தேன், அப்படியே எழுதிவிட்டேன். ஐம்பத்தெட்டு வயது ஆண், ஆசிரியர், சில வாரங்களாக உடம்பெல்லாம் அரிப்பு, தோலில் தடிப்பு எதுவும் இல்லை, சீக்கிரம் களைத்துப்போகிறார். ஒவ்வொரு கேஸுக்கும் விடையை எழுதி ஒட்டிய உறையில் வைத்து முதல்வர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நான் கொடுத்த உறைக்குள் இருந்த விடை, சோப்பு. வீட்டில் அந்தச் சமயம்தான் சோப்பை மாற்றியிருந்தோம்.

எனக்குக் கிடைத்த எட்டுப் பேரில் மூன்று பேர்தான் பேசுவார்கள், மற்ற ஐந்து பேர் எழுதிக்கொள்வார்கள். பேசுகிற மூவரில் ஒருத்தி முன்பெஞ்சு. இந்த முறையில் பெஞ்சே கிடையாது, ஆனாலும் அவள் உட்காருகிற இடம் முன்பெஞ்சாகிவிடும், அப்படி ஒரு பெண். இன்னொருத்தன் வக்கீல். அவன் அப்பாதான் வக்கீல், ஆனால் வாதம் பண்ணுவது இவன். மூன்றாமவன் தூங்குமூஞ்சி. இவர்கள்தான் முதல் நாளே என் ஐம்பத்தெட்டு வயது ஆசிரியருக்குப் பேப்பர் மாமா என்று பெயர் வைத்தவர்கள்.

சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டுமே, ம்ஹூம். அடுத்த வாரம் முன்பெஞ்சு வந்து, "சார், பேப்பர் மாமாவுக்கு யூரின் என்ன கலர்? மோஷன் என்ன கலர்? கண்ணு மஞ்சளா இருக்கா?" என்று கேட்டாள். அடுத்த பக்கத்தில் வரும் என்றேன். அடுத்த பக்கம் எங்கே இருக்கிறது? நான் போய்ப் பார்த்தால்தானே இருக்கும். அக்கா, பிலிருபின் என்று ஒரு மஞ்சள் சமாசாரம் இருக்கிறது. பழைய ரத்த அணு செத்தால் வருவது. கல்லீரல் அதைப் பித்தநீரில் கலந்து குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்பும். குழாய் அடைத்தால் அது ரத்தத்துக்கே திரும்பும், கண் மஞ்சளாகும், உடம்பு அரிக்கும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும். இதை நான் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். அப்படிப்பட்டவன், அந்தப் பெண் கேட்கும் வரைக்கும் குனிந்து பார்க்கவே இல்லை. பார்த்தேன். பால் கலக்காத டீ நிறம்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனாலும் இல்லாத முடிவை எழுதிக் கொடுக்கிற புத்தி எனக்கு வராது, அது உனக்கே தெரியும். டீ நிறம் என்றே எழுதிக் கொடுத்தேன். அவர்கள் ரத்தத்தில் பிலிருபின் அளவு கேட்டார்கள். எங்கள் டிபார்ட்மெண்டிலேயே பார்க்கலாம், ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொடுக்க லேப் அசிஸ்டென்ட் இருக்கிறார். பாடத்துக்கு என்று சொல்லி எடுக்கச் சொன்னேன். அளவு எங்கேயோ போய் நின்றது. மெஷின் கோளாறு என்று துடைத்துவிட்டுப் பார்த்தேன், அதே அளவு. லேப் அசிஸ்டென்ட்டின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தேன், அவருக்குச் சுத்தமாக இருந்தது. அப்படியானால் ரத்தத்தில் கலக்கிற ரீஏஜென்ட் மருந்து கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அதை அனுப்பிய கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதினேன். பாவம், மன்னிப்புக் கேட்டுப் புது பாட்டில் அனுப்பினார்கள். அதில் பார்த்தேன். முன்னைவிட ஏறியிருந்தது. கம்பெனிக்கு நன்றி சொல்லி எழுதிவிட்டேன், அந்த மரியாதை தவறவில்லை.

மற்ற குழுக்களெல்லாம் பேப்பர் நோயாளிகளைக் குணப்படுத்தியோ கொன்றோ கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மட்டும் பேப்பர் மாமாவையே கட்டிக்கொண்டு அழுகிறோம். முதல்வர் கூப்பிட்டு விசாரித்தார். "கேஸ் ரொம்ப இழுக்குதே, முடிவு என்ன வெச்சிருக்கீங்க?" என்றார். உறையில் சோப்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? "பிள்ளைகள் ஆழமாப் போறாங்க சார்" என்றேன். சந்தோஷப்பட்டு, மற்ற வாத்தியார்களிடம் என்னை உதாரணமாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறையில் வாத்தியாருக்கு முடிவு தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. எங்கள் மேஜையில் யாருக்குமே தெரியாது.

அப்புறம் அவர்கள் ஸ்கேன் கேட்டார்கள். எதிர்த்த ஆஸ்பத்திரியில் வயிற்று டாக்டராக இருக்கிறவன் என்னிடம் படித்தவன். அவனிடம் போனேன். என் கண்ணைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினான். அன்றைக்கே ஸ்கேன் எடுத்தான். பித்தக் குழாய் வீங்கியிருக்கிறது, கணையத்தின் தலைப்பக்கம் ஏதோ ஒரு நிழல் தெரிகிறது. "என்னப்பா நினைக்கிற?" என்று கேட்டேன். அவன் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே, "நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?" என்றான். என் லெக்சரைக் கேட்டுத் தேறினவன், அவனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அப்புறம் அவனே சொன்னான். "வலியோட வந்த மஞ்சளைவிட வலியில்லாம வந்த மஞ்சளுக்குப் பயப்படுங்கன்னு நீங்கதான் சார் சொல்லிக் கொடுத்தீங்க. குழாயை அடைக்கிறது கல்லா இருந்தா பிழைச்சோம். கட்டியா இருந்தா சின்னதா இருக்கும்போதே எடுத்துடணும். திங்கட்கிழமை அட்மிட் ஆகுங்க, மிச்ச டெஸ்ட்டை முடிச்சுட்டு அந்த வாரமே ஆபரேஷன். விட்டுட்டா அப்புறம் நானே நினைச்சாலும் கை வைக்க முடியாது சார்." நல்ல பையன், பரீட்சையில் சுமாராகத்தான் எழுதுவான்.

ஆக, கல்லா கட்டியா, இதுதான் கேள்வி. வார்டில் கேட்க வேண்டிய கேள்வி எங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் வரை பொறுக்காமல் பிள்ளைகள் தினமும் கூட ஆரம்பித்துவிட்டார்கள். முன்பெஞ்சு கட்டி என்கிறாள். வக்கீல் கல் என்கிறான். இரண்டு பேரும் மேஜையைத் தட்டிச் சண்டை போடுகிறார்கள், தங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டிருப்பவன் யார் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. கட்டியாக இருந்தால் ஆள் எலும்பும் தோலுமாக இளைக்க வேண்டும், கல்லுக்கு அப்படி இல்லை. அதனால் எடை கேட்டார்கள். டிபார்ட்மெண்டில் ஒரு எடை மெஷின் இருக்கிறது, அதில் ஒரு காலைத் தூக்கினால் ஒரு எடை காட்டும், இரண்டு காலையும் வைத்தால் வேறு காட்டும். அதில் பத்துக் கிலோவுக்கும் மேல் குறைந்ததாகக் காட்டியது. அதை யார் நம்புவது? டாக்டர் பையனும் என்னை ஏற்றி நிறுத்திப் பார்த்தான். முன்னால் என்ன எடை இருந்தேன் என்று சரியாகத் தெரியாதபோது இப்போதைய எடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன். அவன் பாட்டுக்கு எடையைச் சீட்டில் குறித்துக்கொண்டான்.

அக்கா, இப்போது நான் சொல்வதை நன்றாகக் கவனி. எடை மெஷின் பொய் சொல்லும், பேண்ட் பொய் சொல்லாது. சட்டை நான் எப்போதும் தொளதொளவென்றுதான் போடுவேன், அதை விடு. பெல்ட் போடுகிற பழக்கமும் கிடையாது. போன வருஷம் தைத்த அதே பேண்டுகளைத்தான் இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறேன், இடுப்பில் கச்சிதமாக நிற்கின்றன, ஒரு விரல் நுழையாது. பத்துக் கிலோ இளைத்தவனுக்குப் பேண்ட் நிற்குமா, நீயே சொல். 'உடைகள் முன்பு போலவே பொருந்துகின்றன' என்று எழுதி அடுத்த பக்கமாகக் கொடுத்தேன். வக்கீல் எழுந்தே நின்றுவிட்டான். "பேண்ட் லூஸாகலை. அப்போ வெயிட் குறையலை. வெயிட் குறையலைன்னா கட்டி இல்லை. கல்லுதான். கேஸ் முடிஞ்சுது" என்றான். அந்தப் பையனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முன்பெஞ்சு மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டு, "அந்தப் பேண்டை யாராவது அளந்து பார்த்தாங்களா சார்?" என்றாள். இது என்ன கேள்வி? மனுஷன் தினம் போட்டுக்கொள்கிற பேண்டை எதற்கு அளக்க வேண்டும்? அதிகப்பிரசங்கம்.

இன்னொரு விஷயமும் அந்தப் பக்கத்தில் இருந்தது. இடுப்பின் பின்பக்கம், பேண்ட் பட்டி படுகிற இடத்தில் மட்டும் அரிப்பு அதிகம், ஏதோ தடிப்பாக உறுத்துவது போல இருக்கும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத அறிகுறி. தூங்குமூஞ்சி விழித்துக்கொண்டது இதற்குத்தான். அந்த ஓரிடத்து அரிப்பைப் பற்றி நூலகத்தில் உட்கார்ந்து, நரம்பு, தோல், கல்லீரல் என்று படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினான். அவனுடைய கண்டுபிடிப்பு என்று வெளியிடலாமா என்றுகூடக் கேட்டான். யோசிக்கலாம் என்றேன்.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் எல்லோரும் போன பிறகு முன்பெஞ்சு மட்டும் போர்டைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக நான்தான் துடைப்பேன். முதுகைக் காட்டிக்கொண்டே, "சார், பேப்பர் மாமா வீட்ல சொல்லிட்டாரா?" என்று கேட்டாள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். "சொல்லலைன்னு நினைக்கிறேன் சார்" என்றாள். கொஞ்ச நேரம் ஒரே இடத்தையே துடைத்தாள். "சொல்லணும் சார்" என்று சொல்லிவிட்டு டஸ்டரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எட்டுப் பேரும் பேப்பர் மாமா என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தால் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போடப்பட்டிருக்கிறது. வக்கீல் மட்டும் கல், கல் என்று இன்னும் பலமாக வாதாடுகிறான், இப்போதெல்லாம் அவன் கண் கலங்குகிறது.

வீட்டில் சொல்லிப்பார்க்காமல் இல்லை. இத்தனை வருஷம் வாய் ஓயாமல் சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்த ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் முறையிலேயே, நான் சொல்லாமல் அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்று பார்த்தேன். "என் கண்ணைப் பாரேன்" என்று ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பார்த்தாள். "தூங்குங்க, சரியாயிடும்" என்றாள். "எனக்கு இப்பல்லாம் பசியே இல்லை, கவனிச்சியா?" என்றேன். "ம்" என்றாள். ஒரு கேள்வி இல்லை. என் குழுவில் இருந்தால் பாஸ் போட மாட்டேன். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மெஷின் அப்போதுதான் ஓடி நின்ற மாதிரி இருக்கும். தலையணை உறை தைக்கிறேன் என்பாள். வீட்டில் இரண்டு தலைதான் இருக்கிறது, எத்தனை உறைதான் தைப்பாளோ.

ஆகையால் அக்கா, நன்றாக யோசித்து முடிவெடுத்துவிட்டேன். நான் விஞ்ஞானி. ஒரு முடிவுக்கு ஆதரவாக நூறு விஷயம் இருந்தாலும், பொருந்தாத ஒன்று இருந்தால் அந்த முடிவைத் தள்ளிவிட வேண்டும், இதைத்தான் வாழ்க்கை முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். பேண்ட் பொருந்துகிறது, ஆகவே கட்டி பொருந்தவில்லை. இது கல். கல் எங்கேயும் ஓடிவிடாது. திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதில்லை. பரீட்சை முடிந்து விடுமுறை வந்ததும் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். டாக்டர் பையன் போன் மேல் போன் போடுகிறான், நான் எடுப்பதில்லை. அவள் உனக்குப் போன் செய்தால் தம்பி நன்றாகத்தான் பேசினான் என்று சொல். உன்னிடம் மறைக்கவில்லை, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ராத்திரி படுத்தால் இந்தப் பேண்டை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். நான் செய்வது சரி என்று நீ ஒரு வரி எழுதினால் போதும்.

அத்தானுக்கு என் நமஸ்காரம். முழங்காலுக்கு உண்மையான டாக்டரைப் பார்க்கச் சொல். பேரன் பேத்திகளுக்கு என் முத்தங்கள். உன் காலைத் தொட்டுக் கும்பிட்டதாக நினைத்து, வாயார ஒரு தடவை நல்லா இருடா என்று சொல்லிவிடு. வேறு விசேஷம் இல்லை.

உன் அன்புள்ள தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்ட உறை கல்லூரியில் கிடைக்காமல் வீட்டுக்கு எடுத்துவந்தேன். தபாலில் போடக் கிளம்பும்போது பார்த்தால் பேண்டுகள் எல்லாம் துவைத்துக் கொடியில் கிடந்தன. பீரோவின் அடியில், விசேஷங்களுக்கு என்று வைத்திருக்கும் சாம்பல் நிறப் பேண்டை எடுத்து மாட்டி, பட்டனைப் போட்டு, கடிதத்தைக் கையில் எடுத்தேன். பேண்ட் அப்படியே கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. குனிந்து தூக்கினேன், மறுபடியும் இறங்கியது. நான் கையில் உன் கடிதத்தோடு அந்தக் கோலத்தில் நிற்கும்போது அவள் கதவருகே வந்து நின்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "அது ஒண்ணுதான் பாக்கி. அதை இன்னும் பிடிச்சுத் தைக்கலை" என்றாள்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒவ்வொரு பேண்டாக எடுத்து, இடுப்பைப் பின்பக்கம் பிடித்துத் தைத்துத் தைத்து வைத்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை, நான் இளைக்க இளைக்க. தூங்குமூஞ்சி ஒரு மணி நேரம் பேசிய அரிப்பு, அவள் உள்ளே மடித்து வைத்த துணி உறுத்தியது. பாவம், அவனிடம் எப்படிச் சொல்வேன்? "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "பேண்ட் நிக்கலைன்னா பயந்துடுவீங்க. நீங்களா வந்து சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். எதைக் கேட்டாலும் நீ என்ன நினைக்கிறன்னே கேட்டா, நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். அப்புறம் என் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டே, "ஆஸ்பத்திரிக்கு எப்போ போகணும்?" என்றாள்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது, நீ என்ன நினைக்கிற என்று. முழுங்கிவிட்டேன். "திங்கட்கிழமை" என்றேன். என் போனை எடுத்து டாக்டர் பையனுக்கு அவளே போன் போட்டாள். ஒரே ரிங்கில் எடுத்தான்.

அதனால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். பேண்டும் பொய் சொன்னது, வேறு எழுத நேரமில்லை. தபால் போய்ச் சேருவதற்குள் அவளே உன்னோடு பேசிவிடுவாள், இருந்தாலும் இதையும் அனுப்புகிறேன். நீ புறப்பட்டு வா. எனக்காக இல்லை, நான் உள்ளே மயக்கத்தில் கிடப்பேன். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் அவள் தனியாக உட்காரக் கூடாது. முன்பெஞ்சுக்குப் போனில் சொன்னேன், அவளும் வருகிறாளாம், வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற பெண் இல்லை.

இப்போது பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை போட்டுக்கொண்டு போக அந்தச் சாம்பல் பேண்டைத் தைக்கிறாள். கொஞ்சம் முன்னால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "மிச்சத் துணியை வெட்டி எடுத்துட்டா உறுத்தாதே" என்றேன். கத்தரிக்கோல் பக்கத்திலேயேதான் இருந்தது, அவள் அதைத் தொடவில்லை. "எதிலயும் வெட்டலை. எல்லாம் உள்ளதான் மடிச்சு வெச்சிருக்கேன். உடம்பு தேறினதும் பிரிச்சு விட்டுக்கலாம்" என்றாள்.